ஆயிரம் வருஷ வட்டும் வெஸ்டிரி பீரோவும்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரகுருவானவர் ஐயா அவர்களுக்கும், ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற கமிட்டியில் எடுத்த இரண்டு தீர்மானங்களை ஞாயிறு அறிவிப்பில் கேட்டோம். நம் ஆலயத்தின் பழைய ஆராதனைப் பதிவுகள் எல்லாவற்றையும் ஆயிரம் வருஷம் தாங்கும் எம்-டிஸ்க் வட்டுகளில் ஏற்றுவது என்பது முதலாவது. ஏற்றி முடித்ததும் குருவானவர் உடை மாட்டும் வெஸ்டிரி அறையின் பீரோவை அடைத்துக்கொண்டிருக்கும் கேசட்டுகளைக் கழித்துவிடுவது என்பது இரண்டாவது. பதிவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கமிட்டி பணம் ஒதுக்குவதே பெரிய காரியம். அதற்கு நன்றி. ஆனால் இரண்டாவது தீர்மானத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றும், முதலாவதைத் திருத்த வேண்டும் என்றும் கேட்டுத்தான் எழுதுகிறேன். தனிக் கடிதமாகக் கொடுக்காமல் எல்லாரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம், அந்தப் பீரோவில் இருப்பது சபை முழுவதற்கும் சொந்தம். சென்னையிலும் பம்பாயிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில், பீரோவில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேல் இரண்டு தட்டிலும் இருநூறு சொச்சம் கேசட்டுகள். எண்பதுகளின் நடுவில் தொடங்கி இரண்டாயிரத்தின் முதல் சில வருஷங்கள் வரை. பிரதிஷ்டைப் பண்டிகை, பரிசுத்த வெள்ளியின் ஏழு வார்த்தைத் தியானம், கன்வென்ஷன் கூட்டங்கள், கிறிஸ்துமஸ் கீத ஆராதனை, இடையிடையே சாதாரண ஞாயிற்றுக்கிழமைகள். மூன்றாம் தட்டில் சிடிக்களும் டிவிடிக்களும், சிலது உறையோடு, சிலது உருளையில் கோத்தபடி. அதற்குப் பின் வந்தவை மெமரி கார்டு, பென் டிரைவ், இரண்டு பழைய ஹார்டு டிஸ்க். 2020-க்குப் பிறகானவை பெரும்பாலும் பீரோவிலேயே கிடையாது, இணையத்தில்தான் இருக்கின்றன.

இவற்றில் எனக்கு மிகப் பெரியது அந்தச் சாதாரண ஞாயிறுகள்தான். பண்டிகைப் பிரசங்கியார்களின் குரல் வேறு ஊர்களிலும் பதிவாகியிருக்கும். நம் பாடகர் குழு கீர்த்தனையை எந்த இழுப்பில் பாடியது, பெண்கள் பக்கம் எந்த அடியை எப்படித் தூக்கிக் கொடுத்தார்கள், சபை ஊழியர் எந்தக் குரலில் கலியாண ஓலை வாசித்தார் என்பதெல்லாம் இந்தப் பீரோவைத் தவிர வேறெங்கும் இல்லை. ஒரு கேசட்டில் பிரசங்கத்தின் நடுவே மழை பிடித்துக்கொள்கிறது. ஓட்டுக்கூரை இருந்த காலம் அது. குருவானவர் குரலை உயர்த்திப் பார்த்துவிட்டு, பிறகு நிறுத்தி, "மழை முடியட்டும், ஒரு பாட்டுப் பாடுவோம்" என்கிறார். கூரையை மாற்றிக் கான்கிரீட் போட்ட பிறகு பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது.

இனி எம்-டிஸ்க். நல்ல வட்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாம் வழக்கமாக எழுதும் சிடியிலும் டிவிடியிலும் லேசர் ஒரு சாயப் படலத்தைத்தான் கருக்குகிறது. அந்தச் சாயம் கரிமப் பொருள். வெயிலும் ஈரமும் அதை மெல்ல வெளுக்க வைக்கும். எம்-டிஸ்கில் சாயம் கிடையாது. கல் போன்ற கனிமப் படலத்தில் லேசர் குழி பறிக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மில்லெனியாட்டா என்ற நிறுவனம் கொண்டுவந்தது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வகத்தில் 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் வெளிச்சத்திலும் வாட்டிப் பார்த்ததில், கூட வைத்த மற்ற டிவிடிக்கள் கெட, இது பிழைத்தது. இப்படி வாட்டிப் பார்க்கும் சோதனைகளிலிருந்து கணக்குப் போட்டு நீட்டித்ததுதான் இந்த ஆயிரம். கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாளைப்போல என்று படித்திருக்கிறோம். வட்டுக்காரருக்கு அது அட்டைப்பெட்டியில் ஒரு வரி. ஆயிரம் வருஷம் தாங்கும் வட்டைக் கொண்டுவந்த அந்த நிறுவனமோ 2016-இலேயே திவாலாகி, பெயரை வேறு கைகளுக்கு விட்டுப் போய்விட்டது.

வட்டு கெடாது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் படிக்க டிரைவ் வேண்டுமே? நம் கமிட்டியில் யார் வீட்டு லேப்டாப்பில் இன்று வட்டு போடும் தட்டு இருக்கிறது? உலகத்தின் பெரிய வட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக இருந்த நொய்டாவின் மோசர் பேர் 2018-இல் கலைப்புக்குப் போனது. எழுதக்கூடிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைப் பானாசோனிக் 2023-இல் நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது, அதற்கு மாற்றாக வேறொன்றும் வராது என்று சொல்லியே நிறுத்தியது. எம்-டிஸ்கின் பெரிய அளவுகள் எல்லாம் புளூ-ரே வகைதான். வட்டு இருக்கும், வாசிக்கும் கருவி இருக்காது என்பது கற்பனைப் பயம் இல்லை. இங்கிலாந்தில் 1086-இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலக்கணக்கின் 900-ஆவது ஆண்டுக்காக பிபிசி 1986-இல் நாடு முழுவதையும் திரட்டி இரண்டு லேசர் வட்டுகளில் அடைத்தது. பதினைந்து வருஷத்தில் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினி வல்லுநர்கள் தனியாக ஒரு மென்பொருள் எழுதித்தான் உள்ளே இருந்ததை மீட்டார்கள். தோல் புத்தகத்தை இன்றும் விரித்து வாசிக்கலாம்.

இதையே நம் பீரோவுக்குப் பொருத்திப் பாருங்கள். கேசட் 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த சாமான். நல்ல நாடா நாற்பது வருஷம் கழித்தும் பேசுகிறது. கேசட்டை ஓட்டும் டெக்குகள்தான் செத்துக்கொண்டிருக்கின்றன. ரப்பர் பெல்ட் இளகிக் கருப்புப் பசையாகிறது, சக்கரத்தின் ரப்பர் கல்லாகிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்டால், வட்டில் இல்லை. நல்ல டெக் ஒன்றில். இணையத்தில் மலிவாக விற்கிற, கேசட்டைப் போட்டால் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகும் பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்க வேண்டாம். அதன் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது, கீர்த்தனை தள்ளாடும். ஒரு முறைதான் இந்தக் கேசட்டுகளை உருப்படியாக மாற்றப்போகிறோம், அதைப் பழைய வீட்டு ஸ்டீரியோ டெக்கில் செய்வோம்.

கேசட்டை எப்படி எடுப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். "நம்ம பையன் ஒருத்தன் லீவில் வந்து முடித்துவிடுவான்" என்று கூட்டத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். தொண்ணூறு நிமிஷக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிஷம் ஆகும், குறுக்கு வழி இல்லை. இருநூறு கேசட் என்றால் ஓட்டம் மட்டுமே முந்நூறு மணி நேரத்தை ஒட்டி வரும். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், தனியாக எடுத்து வைக்க வேண்டும். நாடா வெளியே தெரியும் வாய்ப்பக்கத்தில், செம்புத் தகட்டின் மேல் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும், சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் பிரித்து நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் விளிம்பில் பிளேடு வைத்துப் பிளக்க வேண்டும், அதற்குக் கை வேண்டும். நூற்றிருபது நிமிஷக் கேசட்டுகள் சில இருக்கின்றன. நீளம் கூட்டுவதற்காக நாடாவை மிக மெல்லிதாக்கியவை அவை. கன்வென்ஷன் பிரசங்கம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமென்று அன்று ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள். அவற்றை வேகமாகச் சுற்றவே கூடாது.

டெக்கின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு. தலை நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கும் கோணத்தை அது சரிசெய்கிறது. அன்று பதிவு செய்த டெக்கின் தலை லேசாகச் சாய்ந்திருந்தால், இன்று வாசிக்கும் தலையையும் அதே அளவு சாய்த்தால்தான் 'ஸ்' சத்தங்கள் தெளியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் மயிரிழை அளவு திருப்பிக் கேட்டுப் பார்த்தாக வேண்டும். திருப்பும்போது, போர்வைக்குள் பேசிக்கொண்டிருந்த குருவானவர் சட்டென்று எழுந்து பீடத்தில் நின்று பேசத் தொடங்குவார். எந்த மென்பொருளும் பின்னால் இதைச் செய்து தராது. எடுத்த பிறகு இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பிரதியில் கை வைக்கவும் வேண்டாம். குழந்தை அழுகை, மணிச் சத்தம், மழை எல்லாம் அப்படியே இருக்கட்டும். கேட்பதற்குச் சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் அது தனி.

இதனால்தான் இரண்டாவது தீர்மானத்தை நிறுத்தச் சொல்கிறேன். மாற்றிய பிறகும் கேசட்டுகளை எறியாதீர்கள். இன்று நாம் எடுக்கும் பிரதியில் குறை இருந்தால், மூலத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். இரண்டு தட்டு இடம்தானே. அந்தப் பீரோவை ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையிலிருந்து மட்டும் நகர்த்த வேண்டும். பெரிய ஸ்பீக்கரின் காந்தத்தை ஒட்டிக் காந்த நாடாவை வைப்பது நல்லதில்லை.

சிடிக்களின் கதை வேறு, அங்கே அவசரம் அதிகம். கேசட் கெட்டால் கரகரவென்று கேட்கும், இருந்தாலும் கேட்கும். எழுதிய சிடி கெட்டால் ஒரு நாள் டிரைவ் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். சிடியின் அடிப்பக்கம்தான் முக்கியம் என்று நாம் அதைப் பொத்திப் பாதுகாத்தோம். உண்மையில் தகவல் இருப்பது மேல்பக்கத்துக்கு அடியில்தான், வெறும் அரக்குப் பூச்சு ஒன்றுதான் இடையில். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் 'பண்டிகை, காலை' என்று அழுத்தி எழுதியிருக்கிறோம், பசை லேபிள் ஒட்டியிருக்கிறோம். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு, ஓரத்துப் பசை விடுவதுதான் அங்கே கவலை. எனவே வேலையை வரிசைப்படுத்தினால் சிடி முதலில் வர வேண்டும். ஒரு வாரச் சாயங்காலங்களில் அத்தனையையும் கணினிக்கு இழுத்துவிடலாம். படிக்க மறுப்பவற்றை வேறு வேறு டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மறுப்பதை மற்றொன்று படிக்கும்.

பென் டிரைவும் மெமரி கார்டும் சுமந்து செல்வதற்கு மட்டும். அவற்றில் தகவல் நிற்பது மின்னூட்டமாக. அந்த மின்னூட்டம் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். இதே வகையில் தகவலைப் பிடித்துவைக்கும் எஸ்எஸ்டி டிரைவ்களில் வீட்டுக் கணினிக்கானவற்றுக்கு ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பு வகுத்த தரமே, எழுதித் தேய்ந்த டிரைவ் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைப் பிடித்துவைத்தால் போதும் என்கிறது. சித்திரை மாதத்தில் நம் வெஸ்டிரியின் வெப்பம் என்ன என்று உடை மாட்டும் குருவானவர் ஐயாவுக்கே தெரியும்.

ஆக மிஞ்சுவது, பலருக்கும் நம்பிக்கை இல்லாத ஹார்டு டிஸ்க். அது ஒரு நாள் சாகும் என்பது உண்மைதான். பல லட்சம் டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடும் கணக்கில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை சாகிறது. அதுவும் குளிரூட்டிய அறையில். உப்புக்காற்றில் நம்முடையது இன்னும் சீக்கிரம் போகலாம். ஆனாலும் அதைத்தான் முதல் சேமிப்பாகச் சொல்கிறேன். காரணம் எளிது: ஹார்டு டிஸ்கிலிருந்து இன்னொரு ஹார்டு டிஸ்கிற்கு ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் நகல் எடுக்கலாம். வட்டில் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். யாரும் எடுக்க மாட்டார்கள். நெடுநாள் தாங்கும் என்று நம்பி மறந்துவிடுகிற சாமானைவிட, ஐந்து வருஷத்தில் மாற்றியாக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்த சாமான் பத்திரமானது. இதுதான் நான் கமிட்டியின் முன் வைக்கும் முக்கியமான பேச்சு. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

இடம் போதுமா என்ற கேள்வி வரும். ஒலிக்கு இடம் மிகக் குறைவு. வினாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், ஒற்றைத் தடம் என்று எடுத்தால் மணிக்கு அரை ஜிபிக்குச் சற்று அதிகம். நம் கேசட்டுகள் ஆம்பிளிஃபயரிலிருந்து ஒற்றைத் தடமாக எடுத்தவை, ஸ்டீரியோ தேவையில்லை. அதை ஃபிளாக் வடிவில் சுருக்கினால் ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் இன்னும் குறையும். அத்தனை கேசட்டும் சுமார் 100 ஜிபியில் அடங்கிவிடும். எம்பி3 வேண்டாம், அது சுருக்கும்போதே ஒரு பகுதியை எறிந்துவிடுகிறது. வாட்சாப்பில் அனுப்பும் பிரதிக்கு அது போதும். ஃபிளாக் யாருக்கும் காப்புரிமைப் பணம் கட்டத் தேவையில்லாத வடிவம், 2024 டிசம்பரில் இணையத்தின் பொதுத் தரங்களில் ஒன்றாகவும் வெளியாகிவிட்டது. அதோடு ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதன் ஒலியின் கைரேகை போன்ற ஓர் எண்ணைப் பொதிந்து வைக்கிறது. பத்து வருஷம் கழித்துக் கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று கணினியே சரிபார்த்துச் சொல்லும். வீடியோதான் இடம் தின்னும், மணிக்கு ஏழெட்டு ஜிபி. பண்டிகை, குருத்துவ அபிஷேகம், திடப்படுத்தல் ஆராதனை ஆகியவற்றின் வீடியோவை வைத்துக்கொண்டு மற்ற ஞாயிறுகளுக்கு ஒலியை மட்டும் காப்பாற்றினால், 2 டிபி டிஸ்க் ஒன்றே பல வருஷத்துக்குக் காணும்.

இணையத்தில்தான் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடியபோது அவசரமாகத் தொடங்கிய பேஸ்புக் நேரலைகள் நம் எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தன. 2025 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம், நேரலைப் பதிவுகளை இனி முப்பது நாள் மட்டுமே வைத்திருப்போம், பழையவற்றையும் படிப்படியாக அழிப்போம் என்று அறிவித்தது. இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். நம் சபையில் யார் இறக்கினார்கள் என்று கமிட்டி விசாரிக்க வேண்டும். யூடியூப் அப்படிச் செய்யவில்லைதான். ஆனால் நம் சானலின் கடவுச்சொல் இப்போது வளைகுடாவில் இருக்கும் ஒரு தம்பியின் கைப்பேசியில் இருக்கிறது. அந்தத் தம்பி தங்கமானவன், அதைச் சொல்ல வேண்டியதில்லை. சானல் சபையின் பெயரில் இருக்க வேண்டும் என்பது தனிச் சங்கதி.

அடுத்தது எங்கே வைப்பது என்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பொங்கி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்தது. ரயிலில் வந்தவர்கள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள். நம் வெஸ்டிரியிலும் முழங்கால் தண்ணீர் நின்றது. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த பழைய வவுச்சர்கள் போயின. மேல் தட்டில் இருந்த ஒரே காரணத்தால் கேசட்டுகள் தப்பின. தண்ணீர் இன்னும் இரண்டு அடி ஏறியிருந்தால் இந்த மடலுக்கு வேலையில்லை. ஆயிரம் வருஷ வட்டும் அதே பீரோவில் இருந்தால் அதே சேற்றில்தான் கிடக்கும். ஒரு பிரதியாவது ஆற்றுப் படுகையை விட்டு வெளியே இருக்க வேண்டும். தூத்துக்குடியும் பாளையங்கோட்டையும் போதாது, அந்த மழை இரண்டையும் நனைத்தது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் நம் சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டு அலமாரி போதும்.

நகலை வெளியே வைப்பது சபைக்குப் புதிய வழக்கமும் இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், ஆலயத்தில் நடக்கும் கலியாணத்தின் பதிவு ஆலயத்தில் மட்டும் இருந்தால் போதாது, நகல் மேலிடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. நூற்றைம்பது வருஷமாக அதைத் தவறாமல் செய்துவருகிறோம். குரலுக்கும் அப்படி ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1913-க்கும் 1929-க்கும் இடையில் இந்திய மொழிவாரி ஆய்வுக்காகப் பல மொழிக்காரர்களைப் பேசவைத்து இசைத்தட்டில் பதிந்தார்கள். பேசக் கொடுத்தவற்றில் ஒன்று கெட்ட குமாரன் உவமை. இன்று இணையத்தில் அவற்றைக் கேட்கலாம். அரக்குத் தட்டு உறுதியானது என்பது ஒரு காரணம். தட்டுகள் ஒரே இடத்தில் முடங்காமல் லண்டன் போன்ற வேறு ஊர்களின் நூலகங்களிலும் இருந்தன என்பது இன்னொரு காரணம், என் கணக்கில் அதுவே பெரியது.

அப்படியானால் எம்-டிஸ்க் வேண்டாமா? வேண்டும், கொஞ்சமாக. கேசட்டிலிருந்து எடுத்தவை 25 ஜிபி வட்டு நான்கைந்தில் அடங்கும். அதை இரண்டு செட் எழுதி, கூடவே புளூ-ரே டிரைவ் ஒன்றையும் வாங்கி ஒன்றாகவே பெட்டியில் வையுங்கள். வட்டுக்கு ஒரு குணம் உண்டு: எழுதியதை யாரும் கைதவறி அழிக்க முடியாது, கணினியில் வைரஸ் புகுந்தாலும் அதைத் தொடாது. ஹார்டு டிஸ்கிற்கு அந்தக் குணம் இல்லை. வாங்கும்போது எல்டிஹெச் என்று போட்ட புளூ-ரே வட்டுகளை மட்டும் தவிர்க்க வேண்டும், அவை பழையபடி சாய வகை. எழுதி முடித்ததும், எழுதியது சரியா என்று ஒத்துப் பார்க்கும் 'வெரிஃபை' ஓட்டாமல் உறையில் போடக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறையும் வட்டில் ஏற்றுவது என்ற திட்டத்தைக் கைவிட்டு, வருஷத்துக்கு ஒரு வட்டு என்று வைத்துக்கொண்டால் செலவும் தாங்கும்.

எல்டிஓ நாடா என்று ஒன்று இருக்கிறது, வங்கிகளும் பெரிய நூலகங்களும் பயன்படுத்துவது. நாடா மலிவு, முப்பது வருஷம் என்கிறார்கள், ஆனால் டிரைவ் லட்சங்களில். ஒரு சேகரத்துக்கு அது அதிகப்படி. திருமண்டலம் எல்லாச் சேகரங்களுக்குமாக ஒன்று வாங்கினால் பொருந்தும். நம் டிசி மெம்பர், அதாவது திருமண்டல கவுன்சிலில் நமக்காக இருக்கும் அண்ணாச்சி, அங்கே ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம்.

கடைசியாக, பொறுப்பு. நம் குருவானவர்கள் மூன்று நான்கு வருஷத்தில் மாறிப் போவார்கள், கமிட்டியும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஆனால் வெள்ளித் திருவிருந்துப் பாத்திரம் காணாமல் போனதில்லை. பொறுப்பு ஒப்படைக்கும்போது பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி, கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம், அதனால். அந்தப் பட்டியலில் இந்த ஹார்டு டிஸ்க்குகளும் வட்டுகளும் ஏற வேண்டும். எண்ணுவது மட்டும் போதாது, ஒன்றைச் செருகி ஒரு பதிவை ஓட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, ஸ்தோத்திரப் பண்டிகைக் கணக்கு முடிக்கும் வாரத்தில், இங்கே இருக்கும் டிஸ்க்கும் வெளியூரில் இருக்கும் டிஸ்க்கும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக் கமிட்டி மினிட்டில் ஒரு வரி எழுத வேண்டும். ஐந்தாம் வருஷம் கெட்டாலும் கெடாவிட்டாலும் புதிய டிஸ்கிற்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான தொகை பட்ஜெட்டில் இப்போதே தனித் தலைப்பாக இருந்தால், அன்று யாரிடமும் நன்கொடை கேட்டு நிற்க வேண்டாம்.

ஒரு நோட்டும் வேண்டும், கெட்டி அட்டை போட்ட காகித நோட்டு. கேசட் எண், தேதி, ஆராதனை, பிரசங்கியார், வேதபகுதி, பாடிய பாட்டுகள், யார் குரல் என்று தெரிந்தால் அதுவும். மேலுறையில் '87 ப.வெ.' (பரிசுத்த வெள்ளி) என்று மட்டும் இருக்கும் கேசட்டைக் கேட்டு, அது யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று நம் சபையில் பத்துப் பேர்கூட இல்லை. டெக்கும் டிஸ்க்கும் அடுத்த வருஷமும் கிடைக்கும். அவர்களை இந்த லெந்து எனும் தபசு நாட்களிலேயே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

மூலப் பிரதிகள் எல்லாவற்றையும் பொதுவில் ஏற்ற வேண்டாம் என்பதையும் கமிட்டி முடிவாக எழுதிவைப்பது நல்லது. ஜெப விண்ணப்பங்களில் வியாதிப்பட்டவர்களின் பெயரும் குடும்பக் கஷ்டமும் வருகின்றன. அவர்கள் சபைக்குச் சொன்னார்கள், உலகத்துக்குச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் பழைய ரேடியோ சாமான் கடை ஒன்றில் நல்ல நிலையில் ஒரு டெக் இருக்கிறது, பெல்ட் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மாத முடிவு வரை எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார். கமிட்டி கூடும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிஷம் கொடுத்தால், விலைச் சீட்டோடு வருகிறேன். இரண்டாவது தீர்மானத்தை மட்டும் அதற்கு முன்பே நிறுத்திவைக்கும்படி செயலர் அண்ணாச்சி, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில் குட்டியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய சாமான் எடுப்பவர் சனிக்கிழமை வருவார்.

இப்படிக்கு,
ஆலயத்தின் ஒலிபெருக்கி மேசையில் உட்காரும்
சபை அங்கத்தினன்